மோத்தியா, ராணியா? ஜாபர்தான் சொல்ல வேண்டும்

ஜாபர், நீ பொய் சொன்னாய்.

போன வெள்ளிக்கிழமை, லெப்பைக்குடிக்காட்டில், உன் வீட்டு ஹாலில், உன் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பனியில் கால் வைத்ததே இல்லை என்றாய். வைத்தாய். வைத்தது மட்டுமா? ஸ்கீ மாட்டிக்கொண்டு சறுக்கினாய். என்னைவிட நன்றாகச் சறுக்கினாய். நான் பார்த்தேன். வருடக்கணக்காகப் பார்த்தேன்.

வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகத் திட்டுவது சிமெண்ட் லாரிகளை. புழுதியை. எரியாத தெருவிளக்கை. இந்த வாரம் ஒரு தனி ஆளைத் திட்டப்போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜாபர் என்பது அவன் பெயர் இல்லை. மாற்றிவிட்டேன். ஊரை மாற்றவில்லை. லெப்பைக்குடிக்காட்டில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத வீடு எது? யார் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவனுக்கு மட்டும் தெரியும். அது போதும்.

சரி, அரியலூரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கும் பனிச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம்?

வளைகுடாவில் நான் வேலை பார்த்தது ஒரு மாலுக்குள். அந்த மாலுக்குள் ஒரு பெரிய மண்டபம். மண்டபத்துக்குள் பனி. நிஜப் பனி. மெஷின் வைத்து உண்டாக்கி, சரிவாகக் கொட்டி, மலை மாதிரி செய்து வைத்திருந்தார்கள். வெளியே தார் உருகும் வெயில். கதவைத் திறந்து உள்ளே போனால் மூக்கு நுனி மரத்துப்போகும். பணக்காரர்கள் குடும்பத்தோடு வந்து, காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு மேலிருந்து கீழே சறுக்குவார்கள். அந்தப் பலகைதான் ஸ்கீ.

அந்த ஸ்கீயை வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில்தான் நான். ஈரமான பூட்ஸைக் காய வைப்பேன். ஸ்கீயின் ஓரத்தில் ஓடும் எஃகுப் பட்டையைத் தீட்டுவேன். அடியில் மெழுகு தேய்ப்பேன். ஜாபரும் அதே மண்டபத்தில்தான். அவன் அங்கே என்ன வேலை பார்த்தான் என்று நான் எழுதப்போவதில்லை. அதுதான் அவனுடைய பிரச்சினையே என்று எனக்குத் தெரியும். கோபம் இருக்கிறது. அதற்காக அவ்வளவு கீழே இறங்கமாட்டேன்.

ரிப்பேர் பார்த்த ஸ்கீயை யாராவது போட்டுப் பார்க்க வேண்டும். திருகு கழன்று ஒரு குழந்தை விழுந்தால் எங்கள் சூப்பர்வைசருக்கு வேலை போய்விடும். அதனால் காலையில், மண்டபம் திறப்பதற்கு முன்னால், "யாராவது போட்டுட்டு ஒரு தடவை கீழ போயிட்டு வாங்க" என்பார். எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் நிற்பார்கள். ஜாபர்தான் முதலில் கை தூக்கினான். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டான்.

"டேய் செல்வம், முழங்கால மடக்குடா. டிவிஎஸ் பிஃப்டில மூட்டய கட்டிக்கிட்டு பள்ளத்துல எறங்குவல்ல, அதே மாதிரி."

"வுழுந்தா?"

"வுழுந்தா பனிதான. ஒங்க ஊரு சுண்ணாம்புக் கல்லா, மண்ட ஒடயறதுக்கு?"

அப்படித்தான் கற்றுக்கொண்டேன். காசு கொடுத்துக் கற்றவர்களைவிட நன்றாகக் கற்றேன். பளபளவென்று சீவிவைத்த பனி. யாருமே இல்லாத சரிவு. நாங்கள் இரண்டே பேர். அவன் ஒரு சட்டம் போட்டிருந்தான். ஒருவன் கீழே போய்ச் சேர்ந்ததும், நின்று, திரும்பி, மேலே பார்க்க வேண்டும். அடுத்தவன் இறங்கி வந்து சேரும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. விழுந்தால் தூக்க வேறு ஆள் கிடையாது என்பதால். சில நாள் அவன் கீழே நிற்பான், நான் வருவேன். சில நாள் நான் நிற்பேன்.

ரூமுக்கு வந்தால் எங்கள் பேச்சு இதுதான். மேல் கட்டிலில் இருந்து அவன் குரல் வரும்.

"ஊருக்குப் போனதும் நெஜ மலைக்குப் போவணும்டா. கூரை இல்லாத மலை."

"ஊர்ல ஏதுடா பனி மலை?"

"வடக்க இருக்குல்ல. ரெண்டு பேரும் போறோம். இன்ஷா அல்லாஹ்."

இரண்டு பேரும் ஊருக்கு வந்தோம். நான் அரியலூர். அவன் பெரம்பலூர் ஜில்லா. இந்த இரண்டு ஜில்லாவையும் அரசாங்கம் பிரித்தது, சேர்த்தது, மறுபடி பிரித்தது. நாங்கள் ஒரே தடவையில் பிரிந்துவிட்டோம். வளைகுடாவில் அவன் மேல் கட்டில், நான் கீழ்க் கட்டில். அவன் இருமினால் எனக்கு விழிப்பு வரும். இங்கே இரண்டு பஸ் மாறினால் அவன் வீடு. வருடக்கணக்கில் பார்க்கவில்லை. முதலில் போன் வந்தது. அப்புறம் பெருநாளைக்கும் தீபாவளிக்கும் மெசேஜ். அப்புறம் அவன் ஸ்டேட்டஸில் ரோஜாப்பூ படம். அதை நான் பார்த்தேன் என்று அவனுக்குக் காட்டும். அவ்வளவுதான் எங்கள் உறவு!

இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதானே என்பீர்கள். நடக்கும். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கூடப் படித்தவனைப் பார்க்காவிட்டாலும் நீங்கள் படித்தீர்கள் என்பதை ஊர் நம்பும். நான் பனியில் சறுக்கினேன் என்றால் அரியலூரில் யார் நம்புவது?

டீக்கடையில் ஒரே ஒரு தடவை சொன்னேன். அதிலிருந்து எனக்குப் பெயர் 'ஐஸ் பொட்டி'.

"என்னண்ணே, ஐஸ் பொட்டி, இன்னிக்கு சறுக்கலயா?"

"சுண்ணாம்புக் குழி ஓரமா மண்ண மலையாட்டம் குமிச்சு வச்சிருக்கானுவ. அதுல வுட்டுப் பாருங்கண்ணே!"

போட்டோ எதுவும் இல்லை. வேலை நேரத்தில் போன் கொண்டுபோகக் கூடாது. சான்று என்று என்னிடம் இருப்பது ஒரு ஜோடி பழைய பூட்ஸ். மண்டபத்தில் கழித்துக் கட்டியதை வாங்கி வந்தேன். பரணில் கிடக்கிறது. கிரைண்டர் கல் மாதிரி கனம். வீட்டுக்கு வருபவர்கள், "லாரி வேலைக்குப் போடறதாங்க?" என்கிறார்கள்.

என் மனைவி நல்லவள். அவளிடமும் சொல்லிச் சொல்லி வார்த்தை தேய்ந்துவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் மலைக்குப் போகிறேன், ஸ்கீ வாங்கப்போகிறேன் என்றதும் அவள் சொன்ன பதில்: "ஏங்க, அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்? ஃப்ரீசர ஒரு மாசம் டீஃப்ராஸ்ட் பண்ணாம வுடறேன். அதுல சறுக்குங்க."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்திருந்தேன். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒருவன் எப்படித் தனியாக இருக்க முடியும் என்று கேட்காதீர்கள். முடியும். அவர்களுக்கு மொழியே தெரியாத ஒரு விஷயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்து பாருங்கள்.

ஸ்கீ வாங்குவது செருப்பு வாங்குவது மாதிரி இல்லை. மண்டபத்து ஸ்கீக்கு ஒரே வேலை. சீவிவைத்த சமமான பனியில் ஓட வேண்டும். மலையில் அப்படி இல்லையாம். காலையில் கண்ணாடி மாதிரி கெட்டி. மதியம் கூழ். ஓரத்தில் முழங்கால் ஆழம். நடுவில் மேடும் பள்ளமும். எல்லாவற்றிலும் ஓடுவதற்கென்று ஒரு வகை செய்கிறார்கள். ஆல் மவுண்டன் என்று பெயர். பெரிய கம்பெனி ஸ்கீ எல்லாம் பனி விழும் நாட்டு ஆட்களின் உயரம், எடை, பழக்கம் பார்த்துச் செய்தது. எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. போனில் தேடிக்கொண்டே இருந்தபோது ஒரு வீடியோ அகப்பட்டது. மணாலிக்கு மேலே ஒரு கிராமத்தில் டோல்மா என்ற அம்மாள், மாட்டுக் கொட்டகையைப் பட்டறை ஆக்கி, கையால் ஸ்கீ செய்கிறார்.

போன் போட்டேன். என் இந்தி வளைகுடாவில் பொறுக்கியது. அவருக்குப் புரிந்தது. அவர் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"ரெண்டு மாடல்தான் செய்யறேன். போட்டுப் பாக்காம விக்க மாட்டேன். வாங்க, ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம்."

ஜாபரைக் கூப்பிட்டேன். வெகு நாள் கழித்து அவன் குரல்.

"மலைக்கா? இப்பவா? பாப்போம்டா... இன்ஷா அல்லாஹ்."

அதற்கப்புறம் அவன் போனை எடுக்கவே இல்லை. ரயில் கிளம்பும் நாள்வரை பார்த்தேன். ரயிலில் ஏறியும் பார்த்தேன். எதிர் சீட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு வந்தார். அந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

டோல்மாவின் பட்டறையில் இன்னும் வைக்கோல் வாசம் போகவில்லை. வில்லோ மரம், பாப்லர் மரம் பட்டை பட்டையாக அறுத்துச் சுவரில் சாய்த்திருந்தது. அதுதான் ஸ்கீயின் உள்ளே போகும் எலும்பு. மேலும் கீழும் கண்ணாடி இழையும் பசையும் வைத்து பிரஸ்ஸில் அழுத்துகிறார். ஒருவர் ஆர்டர் கொடுத்த பிறகுதான் மரத்தில் கை வைப்பாராம்.

இரண்டு மாடலுக்கும் அவர் வளர்த்த இரண்டு கோவேறு கழுதைகளின் பெயர். மோத்தி, ராணி.

"மோத்தி சாது. நீங்க தப்பு பண்ணாலும் பொறுத்துக்கும். சின்னச் சின்னதா வளையும். ராணி வெறப்பு. வேகமாப் போனாத்தான் பேச்சைக் கேக்கும். பாதியில தயங்கினீங்கன்னா தூக்கிப் போட்டுடும்."

டெமோவுக்கு வைத்திருக்கும் ஜோடிகளில் பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங் முன்னும் பின்னும் நகரும். யார் கால் அளவுக்கும் பொருத்தலாம். என் பரண் பூட்ஸை எடுத்து வெளியே வைத்ததும் அவர் குனிந்து பார்த்தார். லாரி வேலைக்கா என்று கேட்கவில்லை. "நல்ல பூட்ஸ். பழசு. யாரோ ஒழுங்காக் காய வச்சிருக்காங்க" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் என் வேலையைத் தெரிந்த ஒரு ஆளைப் பார்த்தேன். குளிரில் இருமுவது மாதிரி இருமிக்கொண்டேன்.

உடனே திமிரும் வந்தது. மெழுகு நானே போடுகிறேன் என்றேன். ஊரிலிருந்தே ஒரு கட்டி கொண்டுபோயிருந்தேன். மண்டபத்தில் போடும் அதே ரகம். அங்கே வருடம் முழுக்க ஒரே குளிர். ஒரே மெழுகு. வேறு மெழுகு வேண்டியிருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மோத்தியின் அடியில் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். மேலே ஏறிப்போய்ச் சேர்வதற்குள் மதியம் ஆகிவிட்டது. வெயில் பட்டுப் பனி இளகியிருந்தது. மூன்று வளைவு போயிருப்பேன். ஸ்கீ பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. நான் நிற்கவில்லை. முகம் முதலில் போய்ச் சேர்ந்தது.

டோல்மா சறுக்கி வந்து பக்கத்தில் நின்றார். "வெயில் வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அரியலூர்க்காரனைப் பார்த்து, வெயில் தெரியாதா என்று கேட்டார்! அதையும் கேட்டுக்கொண்டேன்.

மெழுகைச் சுரண்டி, இளகிய பனிக்கான வேறு மெழுகு போட்டுக் கொடுத்தார். அப்புறம் ஓடினேன் பாருங்கள். மோத்தி, ராணி, மறுபடி மோத்தி. அடுத்த நாளும். கூரை இல்லை. பாட்டு ஒலிபெருக்கி இல்லை. காற்றின் சத்தமும், எஃகு பனியை அறுக்கும் சத்தமும்தான். மோத்தி சொன்ன இடத்தில் திரும்பியது. ராணியில் ஏறினால் அது என்னைக் கூட்டிக்கொண்டு போனது. நான் முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தேன். அது சரி என்றது. சத்தம் போட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. தமிழில் கத்தினால் திரும்பிக் கத்த ஆள் இல்லை. கத்தவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம், நான் வந்து நின்ற இடத்தில் டோல்மா ஒரு குச்சியைப் பனியில் நட்டார். "இன்னொரு தடவ வாங்க" என்றார். வந்தேன். குச்சிக்குப் பக்கத்தில் நின்றேன். மறுபடி மேலே ஏறி ராணியில் வந்தேன். குச்சிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எந்த ஸ்கீ போட்டாலும் இதே தூரத்துல நிக்கிறீங்க. ஏன்? கீழ இன்னும் எவ்வளவு மலை கெடக்கு, பாருங்க."

பார்த்தேன். கிடந்தது. நின்றதே எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தத் தூரம் எங்கள் மண்டபத்தின் நீளம். அங்கே அதற்கப்புறம் சுவர். என் கால் அரியலூருக்கு வந்து, ரயில் ஏறி, மணாலிக்கே போய்ச் சேர்ந்தும், சுவரை விடவில்லை.

"இன்னொண்ணு," என்றார் அவர். "நின்னதும் திரும்பி மேல பாக்கறீங்க. ஒவ்வொரு தடவையும். மேல யாரு இருக்கா?"

யாரும் இல்லை. வெறும் சரிவு. என் தடம் மட்டும் இருந்தது.

ஜாபரைப் பற்றிச் சொன்னேன். அவன் சட்டத்தைச் சொன்னேன். அவர் என் காலிலிருந்து ராணியைக் கழற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னார்.

"பயந்து நிக்கிறவனும் மேலதான் பாப்பான். அய்யோ, அங்கேருந்தா வந்தோம்னு. கூட்டாளிக்குக் காத்து நிக்கிறவனும் மேலதான் பாப்பான். வெளியேருந்து பாத்தா எனக்கு வித்தியாசம் தெரியாது. பயம்னா உங்களுக்கு மோத்தி. ராணி கொடுத்தா காலை ஒடச்சுக்குவீங்க. காத்து நின்ன பழக்கம்னா ராணி. மோத்தி உங்களுக்கு ஒரே வருஷத்துல சலிச்சுடும்."

"எனக்குப் பயம் இல்லை."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. தன் சறுக்கலைப் பத்தித் தானே சொல்றத நான் நம்பறதே இல்ல. என்கிட்ட வாங்கறவங்க எல்லார்கிட்டயும் கூடச் சறுக்கின ஆளைத்தான் கேக்கறேன். அந்த ஜாபரைக் கேட்டுச் சொல்லுங்க. அப்புறம்தான் மரம் அறுப்பேன்."

திரும்பி வரும் ரயில் முழுக்க யோசித்தேன். எனக்குப் பயமா? முதல் தடவை அந்த மண்டபத்தின் உச்சியில் நின்றபோது கால் நடுங்கியது உண்மை. அது எப்போது நின்றது? நின்றதா? கீழே போய் நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றது அவனுக்காகவா, என் நெஞ்சு படபடப்பு அடங்குவதற்காகவா? எனக்கே தெரியவில்லை. என் முகத்தை நான் பார்த்ததில்லை. மேலேயிருந்து சறுக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து வந்தவன் ஒருவன்தான்.

அதனால்தான் போன வெள்ளிக்கிழமை போனேன். போன் எடுக்கவில்லை என்றால் என்ன? பஸ் இருக்கிறது. பெரம்பலூரில் இறங்கி மாறினேன். ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். புது வீடு. வாசலில் கார் ஏற்றுவதற்கு நல்ல சரிவாக ஒரு சாய்தளம், வழவழவென்று டைல்ஸ் போட்டு.

கதவைத் திறந்தவன் ஜாபர். வயிறு போட்டிருந்தது. தாடி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல், "யாரு மச்சான்?" என்றது. மலர்ந்தது மூடிக்கொண்டது.

"வாங்க சார், வாங்க. உக்காருங்க."

சார்! மேல் கட்டிலிலிருந்து என் மேல் ஈரத் துண்டை எறிந்தவன். சார் என்றான்.

ஹாலில் அவன் மனைவியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பெரிய மனுஷர். மரியாதையானவர். பிரியாணி சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். நான் யார் என்று விசாரித்தார்.

"இவரு அங்க நமக்குப் பழக்கம்," என்றான் ஜாபர். "அந்தப் பனி மண்டபம் இருக்குல்ல மச்சான், அதுல இருந்தாரு."

"ஓ, அந்த ஐஸ் எடம்! டிவில பாத்துருக்கேன். சறுக்குவானுவளே. நீங்க சறுக்கியிருக்கீங்களா சார்?"

"சறுக்கியிருக்கேங்க. ஜாபர்தான் சொல்லிக் குடுத்தான்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "நம்ம ஜாபரா? மச்சான், நீ ஆபீஸ்ல மேனேஜராத்தான இருந்த? எப்ப சறுக்கப் போன?"

ஜாபர் என்னைப் பார்க்கவில்லை. சர்பத் கிளாஸைப் பார்த்தான்.

"சும்மா தமாசு பண்றாரு மச்சான். நான் ஆபீஸ்ல இருந்தேன். அந்தப் பக்கம் போனதே இல்ல. பனியில காலு வச்சதே இல்ல."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து, இவன் அங்கே என்ன வேலை பார்த்தான் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. பிரியாணி தட்டு வந்தது. சாப்பிட்டேன். அவர்கள் நிலம், மழை, வெள்ளாற்று மணல் என்று பேசினார்கள். நான் தலையாட்டினேன். டோல்மாவின் கேள்வியைக் கேட்க ஒரு நிமிஷம் தனியாகக் கிடைக்கும் என்று பார்த்தேன். கிடைக்கவிடவில்லை. நான் கை கழுவப் போனால் மச்சானையும் கூடவே அனுப்பினான்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவன் ஊரில் எந்த வேலை சொல்கிறானோ அதுதான் அவன் பார்த்த வேலை. இது எனக்கும் தெரியும். அங்கே கக்கூஸ் கழுவியவன் இங்கே மெயின்டனன்ஸ். ஒட்டகம் மேய்த்தவன் இங்கே ஃபார்ம் மேனேஜர். சொல்லிவிட்டுப் போகட்டும். ஊரும் அவனிடம் அதைத்தான் எதிர்பார்க்கிறது. ஆனால் வேலையை மறைப்பதற்கு, அந்தக் காலை நேரத்தையும் சேர்த்து மறைக்க வேண்டுமா? அந்தச் சரிவில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். ஒருவன் இல்லை என்றால் மற்றவன் எங்கே இருந்தான்? எனக்கு இருந்த ஒரே சாட்சியை நீ சர்பத்தில் கரைத்துக் குடித்துவிட்டாய்.

கிளம்பினேன். வழியனுப்ப அவன் மட்டும் வாசலுக்கு வந்தான். மச்சான் உள்ளேயிருந்தே, "பாத்துப் போங்க சார், இப்பதான் களுவி வுட்ருக்கு, வளுக்கும்" என்றார்.

அந்தச் சாய்தளம் ஈரமாகக் கிடந்தது. ஜாபர் முதலில் இறங்கினான்.

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். எல்லாரும் எப்படி இறங்குவார்கள்? சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகால் ஊன்றி, பின்னால் சாய்ந்து. ஜாபர் பக்கவாட்டில் திரும்பினான். முழங்கால் தானாக மடங்கியது. இரண்டு கையும் முன்னால் வந்தன. பாதத்தின் ஓரத்தை ஊன்றி, செருப்புக் காலை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி வைத்தான். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. ஆபீஸில் மேனேஜராக இருந்தவன் இப்படி இறங்கமாட்டான். வாய் பொய் சொல்லும். முழங்காலுக்கு அது வராது.

கீழே போய்ச் சேர்ந்தான். நின்றான். திரும்பினான். மேலே பார்த்தான்.

நான் இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

நான் பக்கத்தில் போனதும்தான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பஸ்ஸு இப்ப வந்துடும் சார்" என்றான். கேட்டைத் திறந்துவிட்டான். நான் வெளியே வந்தேன். கேட் மூடியது. பஸ் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

இப்போது டோல்மா காத்திருக்கிறார். வில்லோ மரம் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. நானாக ஒன்றைச் சொல்லி வாங்கிவிடலாம். ராணி என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. ஆனால் அந்த அம்மாள் கேட்டது என்னை இல்லை. மோத்தி என்று சொல்லிவிடலாம், பாதுகாப்பு. ஆனால் பயந்தவன் என்று எனக்கு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அது உண்மையா என்று தெரியாமல் நான் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்?

ஆகவே ஜாபர், கேள். உன் வீட்டில் இந்தப் பத்திரிகை வருகிறது. டீப்பாயில் பார்த்தேன். என் பக்கம் மேலே இருக்கிற மாதிரி மடித்து வைத்திருந்தாய். படித்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

நீ என்ன வேலை பார்த்தாய் என்று சொல்ல வேண்டாம். மச்சான் பத்திரிகை தொடுவதில்லை என்று பிரியாணி சாப்பிடும்போது அவரே சொன்னார்; அவரிடம் மேனேஜராகவே இரு. இந்தப் பத்திரிகைக்கு எழுது. வாசகர் கடிதப் பகுதியில், எல்லாரும் படிக்கிற மாதிரி. பெயர் போடாதே. ஊர் போடாதே. நான் கீழே நின்று மேலே பார்த்தபோது என் முகத்தில் இருந்தது பயமா, உனக்காகக் காத்திருந்தேனா? அதை மட்டும் சொல்.

எதைச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன். பயம் என்று எழுதினாலும் சரி. எதை எழுதினாலும், நீ அங்கே இருந்தாய் என்று ஆகிவிடும். அரியலூர் டீக்கடையில் அந்தக் கடிதத்தைச் சத்தம் போட்டுப் படிப்பேன்.

நான் கீழே வந்துவிட்டேன், ஜாபர். மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பதில் சொல்.